ஆழ்கடல் படகில் எடுக்கும் படங்கள்: எதை எடுப்பது, யாருக்குக் காட்டுவது

கன்னியாகுமரி மாவட்டத்தின் மேற்குக் கோடியில் நீரோடியிலிருந்து இரயுமன்துறை வரை வரிசையாக அமைந்த எட்டு மீனவ ஊர்களை வெளியூர்க்காரர்கள் பொதுவாகத் தூத்தூர் பகுதி என்றே சொல்கிறார்கள். சுறாவுக்கும் டூனா எனப்படும் சூரைக்கும் ஆழ்கடல் போகும் இவ்வூர்ப் படகுகள் ஒருமுறை கிளம்பினால் பல வாரங்கள் கரை திரும்புவதில்லை. வடக்கே குஜராத்தை ஒட்டிய கடல்வரையும் தெற்கே இந்தியப் பெருங்கடலின் நடுவிலுள்ள டீகோ கார்சியாத் தீவுப் பக்கம்வரையும் போய்வந்து, பெரும்பாலும் கொச்சியின் தோப்பும்படித் துறைமுகத்திலோ தேங்காய்ப்பட்டணத்திலோ மீனை இறக்குகின்றன. தூண்டிலிலும் செவுள் வலையிலும் வேண்டாமல் வந்து சிக்கும் உயிரினங்களைத் தொழிலாளர்களே கைபேசியில் படம் எடுத்துப் பதிவு செய்யும் ஒரு திட்டத்தில், அந்தப் படங்களை வாங்கி வைப்பதும், கேட்பவருக்குக் கொடுப்பதா வேண்டாமா என்று முடிவெடுப்பதும் என் பொறுப்பாக இருந்தது. மீனை அடையாளம் காணும் வேலையைவிட இதுவே அதிக நேரத்தை விழுங்கியது. இத்தகைய வேலையைத் தொடங்கவிருக்கும் ஆய்வு மாணவர்களுக்கும் தொண்டு நிறுவனத்தாருக்கும் பயன்படும் என்பதால் அதைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

படகில் ஆய்வாளரை ஏற்றி அனுப்பாமல் தொழிலாளர்களிடமே கைபேசியைக் கொடுப்பதற்குக் காரணம் உண்டு. ஆட்களும் ஐஸும் டீசலும் அடைந்த படகில் வாரக்கணக்கில் ஒரு வேற்றாளுக்குப் படுக்க இடம் கிடையாது. இந்தியப் பெருங்கடல் சூரை ஆணையமான ஐஓடிசி, 24 மீட்டருக்கு மேற்பட்ட படகுகளிலும், சொந்த நாட்டின் கடல் பொருளாதார மண்டலத்துக்கு வெளியே போகும் சிறிய படகுகளிலும், வலையோ தூண்டிலோ இடும் முறைகளில் குறைந்தது 5 விழுக்காட்டுக்காவது கண்காணிப்பு வேண்டும் என்று கேட்கிறது. சிறிய படகுகளில் அதற்கு ஆள் ஏற்றுவது எளிதல்ல. பாகிஸ்தானின் சூரை வலைப் படகுகளில் இயற்கைப் பாதுகாப்பு அமைப்பான டபிள்யூடபிள்யூஎஃப் படகோட்டிகளையே பயிற்றுவித்துப் பதிவு செய்ய வைத்தது இந்த வழிக்கு நல்ல முன்னுதாரணம். ஆனால் ஆய்வாளர் எடுக்கும் படத்தை ஓர் ஆள்தான் வைத்திருப்பார். தொழிலாளர் எடுக்கும் படமோ படகு, வீடு, வாட்ஸ்அப் குழு, தரகர், அலுவலகம் என்று ஒரே நாளில் ஐந்து இடங்களுக்குப் போய்விடும். ஆகவே எடுத்த பிறகு பூட்டி வைப்பதைப் பற்றி யோசிப்பதைவிட, எடுக்கும்போதே எது சட்டகத்துக்குள் வரக்கூடாது என்று தீர்மானிப்பதே மேல் என்பது என் முடிவு. இனிச் சொல்லப்போவதில் பெரும்பகுதி அதற்கான விளக்கம்தான்.

முகங்களை மறைப்பதுதான் முதன்மையான சிக்கல் என்று எண்ணி, அதற்கான ஒப்புதல் படிவங்களோடுதான் திட்டத்தார் முதல் கூட்டத்துக்குப் போனார்கள். அங்கே படகை ஓட்டிச்செல்லும் டிரைவர்களில் வயதில் மூத்த ஒருவர் சொன்னது வேறு: “எங்க மூஞ்சிய ஆரு பாத்தா என்ன சார், அந்த ஜிபிஎஸ் பெட்டிய மட்டும் எடுத்துராதீங்க.” கரையிலுள்ள இரண்டு அடையாளங்களை நேர்கோட்டில் நிறுத்திக் மீன் கூடும் கடலடிப் பாறைத் திட்டான பாரைக் கண்டுகொள்ளும் கணிச்சம் எப்படி ஒரு குடும்பத்துக்குள்ளேயே காக்கப்பட்டதோ, அப்படித்தான் இன்று படகோட்டும் அறையான வீல் ஹவுஸில் இருக்கும் ஜிபிஎஸ் திரையிலுள்ள பாயிண்டுகளும், அதாவது மீன் கிடைக்கும் இடங்களின் குறிப்புகளும், காக்கப்படுகின்றன. அந்தத் திரை பின்னணியில் தெளிவாக விழுந்த ஒரே படம் போதும். அட்சரேகை, தீர்க்கரேகை, நேரம் மூன்றையும் பெரிதாக்கிப் படித்துவிடலாம். ஒரு பாயிண்ட் வெளியே தெரிந்தால் அடுத்த தங்கலுக்கு (கடலிலேயே தங்கி மீன்பிடிக்கும் அடுத்த பயணத்துக்கு) அங்கே பத்துப் படகுகள் நிற்கும் என்பதை அவர் விளக்க வேண்டியிருக்கவில்லை. கூட்டத்தில் இருந்த எல்லா டிரைவர்களும் தலையாட்டினார்கள்.

திரை கண்ணுக்குத் தெரிவது. அதைவிட நுட்பமானது படக்கோப்புக்குள்ளேயே ஒளிந்திருக்கும் இடக்குறிப்பு. கைபேசிக் கேமராவில் இருப்பிட அனுமதி திறந்திருந்தால், எக்சிஃப் என்ற பகுதியில் எடுத்த இடம் சில மீட்டர் துல்லியத்தோடு பதிவாகிவிடும். கடலில் சிக்னல் இல்லையே என்று சிலர் வாதிடுவார்கள். ஜிபிஎஸ்ஸுக்குக் கைபேசிக் கோபுரம் தேவையில்லை, செயற்கைக்கோள் போதும். வாட்ஸ்அப்பில் சாதாரணப் படமாக அனுப்பினால் இந்தக் குறிப்பு நீங்கிவிடுகிறது, ஆனால் படத்தின் தரமும் குறைகிறது. தரம் குறையக்கூடாது என்று ‘டாகுமென்ட்’ ஆக அனுப்பச் சொல்கிறோமே, அப்போது கோப்பு அப்படியே, இடக்குறிப்போடு போகிறது. சுறாவின் துடுப்பு விளிம்பைப் பார்த்து வகை பிரிக்க நல்ல தரம் வேண்டும் என்பதால் இந்த முரண் எங்களுக்குத் தவிர்க்க முடியாததாக இருந்தது. அரசு அலுவலகங்களிலும் களப்பணிகளிலும் இப்போது பரவலாகப் பயன்படும் ‘ஜிபிஎஸ் மேப் கேமரா’ போன்ற செயலிகள் இன்னும் சிக்கலானவை; அவை இடத்தையும் வரைபடத்தையும் படத்தின் மேலேயே அச்சடித்துவிடுகின்றன, வெட்டி எறிவதைத் தவிர அதை நீக்க வழியில்லை. கேமராவின் இருப்பிட அனுமதியை மூடிவிட்டு, இடத்தைத் தனிக் குறிப்பேட்டில் படத்தின் வரிசை எண்ணுக்கு நேராக டிரைவரே எழுதிக்கொள்வது என்று முடிவானது. எத்தனை துல்லியமாக எழுதுவது என்பதும் அவர் விருப்பம். அறிவியலுக்கு அது குறையாகாது. ஐஓடிசி தூண்டில் மீன்பிடிப்புத் தரவை ஐந்துக்கு ஐந்து பாகைக் கட்டங்களில்தான் கேட்கிறது. ஒரு பாகை அட்சரேகை என்பதே 60 கடல் மைல்.

சட்டகத்துக்குள் வேறு என்னென்ன வரக்கூடாது என்பதைப் பழைய படங்களை டிரைவர்களோடு உட்கார்ந்து பார்த்துத்தான் கண்டுபிடித்தோம். ஒரு படத்தைச் சொல்கிறேன். தளத்தில் ஒரு பங்குனி ஆமை கிடக்கிறது, முகம் எதுவும் இல்லை, இடக்குறிப்பும் இல்லை. ஆனால் அந்தப் படத்தைக் காட்டியதும் அங்கிருந்த ஓர் இளைஞர் படகின் பெயரைச் சட்டென்று சொல்லிவிட்டார். வலை இழுக்கும் எந்திரத்தின் மேல் அடித்திருந்த பச்சைப் பெயின்ட், மூலையில் தெரிந்த மாதா படத்துச் சட்டத்தின் பாதி, மீன் பெட்டியில் எழுதிய தரகரின் சுருக்கப் பெயர், ஆமையைப் பிடித்திருந்த கையிலிருந்த பச்சைக் குத்து ஆகிய நான்கும் அவருக்குப் போதுமானவையாக இருந்தன. ஐஎன்டி-டிஎன் என்று தொடங்கும் பதிவு எண்ணை மறைத்துவிட்டால் படகு மறைந்துவிடும் என்பது கரையில் இருப்பவர்களின் நம்பிக்கை. துறைமுகத்தில் வாழ்பவர்களுக்குப் படகு ஆளைப்போலத் தெரிந்தது.

ஆகவே ஒரு சாம்பல் நிறப் பலகை செய்தோம். அதில் சென்டிமீட்டர் கோடுகளும் படகின் பெயருக்குப் பதிலான குறியீட்டுச் சீட்டு செருக ஓர் இடமும் இருந்தன. சிறிய மீனாக இருந்தால் பலகை மேல் கிடத்தி, நேர் மேலிருந்து, பலகையின் நான்கு ஓரங்களும் சட்டகத்தை நிறைக்கும்படி எடுக்க வேண்டும். பெரிய சுறாவாக இருந்தால் முழு உடலையும் ஒரே படத்தில் பிடிக்க முயலாமல் தலை, முதல் முதுகுத் துடுப்பு, வால் என்று மூன்று நெருக்கப் படங்கள், பலகை பக்கத்தில். கையுறை போட்ட கை மட்டும் தெரியலாம். இந்தப் பலகை வந்த பிறகு படத்தைத் திருத்தும் வேலை பெருமளவு குறைந்தது. திருத்துவதில் எனக்கு அவ்வளவு நம்பிக்கையும் இல்லை. முகத்தை மங்கலாக்குவதைவிட வெட்டிவிடுவது பாதுகாப்பானது. ஆனால் பல கைபேசிகளில் வெட்டிய படத்தை ஒரே தட்டலில் பழையபடி மீட்க முடியும். கூகுள் பிக்சல் கைபேசிகளின் திருத்தும் கருவியில் வெட்டிய ஸ்கிரீன்ஷாட்களின் மீதிப் பகுதியை மீட்டெடுக்கும் குறை ஒன்று 2023-ல் வெளியே தெரியவந்ததை நினைவில் வைத்திருப்பது நல்லது. வெட்டிய படத்தைக் கணினியில் புதுக் கோப்பாகச் சேமித்த பிறகே வெளியே அனுப்ப வேண்டும்.

எவரும் எதிர்பாராத ஒரு கோரிக்கை படகு முதலாளிகளிடமிருந்து வந்தது. தங்கள் படகில் எடுத்த எல்லாப் படங்களையும் தாங்கள் பார்க்க வேண்டும் என்றார்கள். படகு அவர்களுடையது, டீசல் செலவு அவர்களுடையது, அனுமதி கொடுத்தவர்களும் அவர்களே. மேலோட்டமாகப் பார்த்தால் நியாயமான கோரிக்கை. ஆனால் படங்களில் நேரம் இருக்கிறது. எத்தனை மணிக்குத் தூண்டில் இழுத்தார்கள், எந்த நாளில் வேலை செய்யாமல் கிடந்தார்கள், கறிக்கு எடுத்த மீன் எது, அது வழக்கமாக எடுக்கும் அளவா என்பதையெல்லாம் ஓர் ஓனர் விரும்பினால் அதிலிருந்து கணக்குப் பார்த்துவிடலாம். பங்கு பிரிக்கும்போது எழும் சச்சரவுகளில் எங்கள் படம் சாட்சியாக நிற்கத் தொடங்கினால் அடுத்த தங்கலில் எந்தத் தொழிலாளியும் கேமராவைத் தொடமாட்டார். ஆகவே முதலாளிகளுக்கு வகை வாரியான எண்ணிக்கையும் பலகைப் படங்களும் நேரக்குறிப்பு நீக்கித் தரப்படும், மூலப் படங்கள் தரப்படமாட்டா என்பதைத் தொடக்க ஒப்பந்தத்திலேயே எழுதினோம். இதை ஏற்காமல் ஒரு முதலாளி விலகிக்கொண்டார். அது நல்லதுதான், பாதியில் விலகுவதைவிடத் தொடக்கத்தில் விலகுவது இரு தரப்புக்கும் எளிது.

ஒப்புதல் வாங்கும் இடமும் நேரமும் படிவத்தைவிட முக்கியமானவை. ஓனர் பக்கத்தில் நிற்க, படகு கிளம்பும் அவசரத்தில், ஐஸ் ஏற்றிக்கொண்டிருக்கும் தொழிலாளியிடம் நீட்டப்படும் தாளில் அவர் கையெழுத்துப் போடுவதற்கு ஒப்புதல் என்று பெயரில்லை. 2023-ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், ஒப்புதல் சுதந்திரமானதாகவும் குறிப்பிட்ட நோக்கத்துக்கானதாகவும் இருக்க வேண்டும், கொடுத்த அதே எளிமையோடு திரும்பப் பெற முடிய வேண்டும் என்கிறது. அரசியலமைப்பின் எட்டாம் அட்டவணையில் உள்ள எந்த மொழியிலும் அதைப் படித்தறியும் வாய்ப்பு இருக்க வேண்டும் என்றும் சொல்கிறது. ஆராய்ச்சிக்கு அந்தச் சட்டத்தில் விலக்கு உண்டு என்று சிலர் ஆறுதல் சொல்வார்கள். தனி ஒருவரைப் பற்றிய முடிவெடுக்கப் பயன்படாத, வரையறுத்த தரங்களுக்கு உட்பட்ட ஆய்வுக்குத்தான் அந்த விலக்கு. மீன்துறை அதிகாரியிடம் ஒரு படகின் படம் போனால் அந்த எல்லை தாண்டப்பட்டதாகிவிடும். ஆழ்கடல் படகுகளில் இப்போது ஒடியா, வங்காளம், அசாமியம் பேசும் தொழிலாளர்களும் வேலை செய்கிறார்கள். தமிழ்ப் படிவம் அவர்களுக்கு வெறும் தாள். அவர்களுடைய மொழியில் ஒலிப்பதிவு செய்து, கைபேசியில் போட்டுக் காட்டி, பதிலையும் ஒலியாகவே பதிந்தோம். மாட்டேன் என்று சொன்னவருக்கு வேலையில் எந்தச் சங்கடமும் வராமல் இருப்பதற்கு மேற்சொன்ன பலகைதான் உதவியது. எல்லோரும் சட்டகத்துக்கு வெளியே இருப்பதால், யார் ஒப்புக்கொண்டார், யார் மறுத்தார் என்பதைப் படகில் எவரும் அறிய வேண்டியதில்லை.

இனி, எல்லோரும் தயங்கித் தயங்கிக் கேட்கும் கேள்வி. கடலாமை, திமிங்கலச் சுறா, ரம்பம் போன்ற மூக்குள்ள வேளா போன்றவை 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ளவை. 2022-ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு, அவற்றை வேட்டையாடினால் குறைந்தது மூன்று ஆண்டுகள், அதிகபட்சம் ஏழு ஆண்டுகள் சிறை, ₹25,000-க்குக் குறையாத அபராதம். தானாக வந்து சிக்கியதா, விரட்டிப் பிடித்ததா என்பதைத் தளத்தில் கிடக்கும் விலங்கின் படம் சொல்லாது. “யாருக்கும் காட்டமாட்டோம், பயப்படாமல் எடுங்கள்” என்று வாக்குக் கொடுக்கும் ஆர்வம் திட்டம் நடத்துபவர்களுக்கு இயல்பாக வரும். அந்த வாக்கைக் கொடுக்கவே கூடாது. குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்‌ஷா சன்ஹிதாவின் 94-ஆம் பிரிவின்படி நீதிமன்றமோ காவல் நிலையப் பொறுப்பு அதிகாரியோ எழுத்து மூலம் கேட்டால் கொடுத்தாக வேண்டும். அரசுப் பணத்தில் நடக்கும் திட்டமாக இருந்தால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் விண்ணப்பமும் வரலாம். நாங்கள் சொன்னது இவ்வளவுதான்: நாங்களாக எந்த அலுவலகத்துக்கும் அனுப்பமாட்டோம், சட்டப்படிக் கேட்டால் கொடுப்போம், கொடுத்ததை உங்களிடம் சொல்வோம், ஆகவே உயிரோடு சிக்கியதை விடுவிக்கும் காட்சியை விட்டுவிடாமல் எடுங்கள். கடைசி வரி வெறும் ஆறுதல் அல்ல. குஜராத்தில் திமிங்கலச் சுறாவை வலையை அறுத்து விடுவிக்கும் மீனவர்கள் தாங்களே எடுத்த படங்களைக் காட்டி வனத்துறையின் இழப்பீட்டைப் பெறுகிறார்கள். அதற்காகவே அவர்களுக்குக் கேமராக்கள் வழங்கப்பட்டன. மகாராஷ்டிரத்திலும் பாதுகாக்கப்பட்ட உயிரினத்துக்காக வலையை இழந்தவருக்குப் படச் சான்றின் பேரில் இழப்பீடு தரும் திட்டம் உண்டு. விடுவிப்பதன் படம் மீனவருக்குச் சொத்து. இறந்து கிடப்பதன் படம் அவருக்குச் சுமை. இரண்டையும் ஒரே கோப்புறையில் போடுவது அநியாயம்.

கசிவு எங்கிருந்து வருகிறது என்று பார்த்தால், பெரும்பாலும் கெட்ட எண்ணத்திலிருந்து அல்ல, கைபேசியின் தானியங்கி வசதியிலிருந்துதான். படகு கரையை நெருங்கிச் சிக்னல் கிடைத்ததும் கூகுள் போட்டோஸ் தானாகவே எல்லாவற்றையும் மேலேற்றத் தொடங்கும். அதே ஜிமெயில் கணக்கு வீட்டிலுள்ள மகனின் கைபேசியிலும் இருந்தால், அப்பா தோப்பும்படியில் கால் வைக்கும் முன்பே ஐஸ் அறை நிறைந்த படம் ஊரில் ஸ்டேட்டஸாக ஓடும். இதில் தனியுரிமையைவிடக் காசு போகிறது. என்ன மீன், எவ்வளவு வருகிறது என்று ஏலத்துக்கு முன்பே தரகர்களுக்குத் தெரிந்துவிட்டால் விலை கேட்கும் தோரணையே மாறிவிடும். திட்டத்துக்கென்று தனிக் கைபேசி, சிம் இல்லாமல், எந்தக் கணக்கிலும் நுழையாமல், தானியங்கிப் பதிவேற்றம் மூடி வைக்கப்பட்டதாக இருக்க வேண்டும். மலிவான கைபேசி போதும், உப்புக்காற்றில் எப்படியும் நீண்ட நாள் வராது. படங்கள் மெமரி கார்டில் வரும். இரண்டு இடங்களில் நகல் எடுத்துச் சரிபார்த்த பிறகு கார்டு அழிக்கப்படும். படகுக்கும் குறியீட்டுக்கும் உள்ள தொடர்பு கணினியில் இருக்காது, பூட்டிய அலமாரியில் காகிதக் குறிப்பேட்டில் இருக்கும். அதை இருவர் மட்டுமே திறக்கலாம்.

வெளியே கொடுப்பதற்கு நாங்கள் வைத்திருந்த அளவுகோல்களில் இரண்டு மட்டும் குறிப்பிடத்தக்கவை. ஒன்று, காலத் தாமதம்: அந்தத் தங்கலின் மீன் விற்று, பங்கு பிரித்து, படகு அடுத்த தங்கலை முடிக்கும்வரை எந்தப் படமும் வெளியே போகாது. மற்றொன்று, மூன்று படகுகள்: ஓர் இடத்தையும் காலத்தையும் சேர்த்துச் சொல்லும்போது குறைந்தது மூன்று படகுகளின் படங்கள் அந்தக் கட்டத்துக்குள் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் கட்டத்தைப் பெரிதாக்க வேண்டும். அமெரிக்க மீன்வளத் துறை தன் தரவை வெளியிடும்போது பின்பற்றும் வழக்கம் இது. பத்திரிகையாளர்கள் கேட்டால் அவர்களுக்குப் பிடித்தது எப்போதும் நாம் கொடுக்க முடியாத படம்தான்: வீல் ஹவுஸ், வியர்த்த முகம், பின்னால் பெரிய சுறா. அத்தகைய படம் வேண்டுமென்றால் துறைமுகத்துக்கு வந்து, சம்மதிப்பவரிடம் பேசி, தாமே எடுத்துக்கொள்ளச் சொல்லிவிடுவோம்.

காயத்தின் படமும் இறப்பின் படமும் இந்த அளவுகோல்களுக்கு வெளியே நிற்பவை. தூண்டில் கிழித்த கையை வயர்லெஸ்ஸில் விவரித்துப் புரியவைக்க முடியாமல், சிக்னல் கிடைத்ததும் மருத்துவருக்குப் படம் அனுப்ப வேண்டிய நிலை வரும். அதை எடுக்கலாம், அந்த ஒருவருக்கு மட்டும் அனுப்பலாம், பிறகு அழித்துவிட வேண்டும். இறந்தவரின் படம் குழுக்களில் சுற்றுவதைத் தடுக்க எந்தத் தொழில்நுட்பமும் உதவாது. அது படகுக்குள் டிரைவரின் சொல்லில்தான் நிற்கும். மறுபுறம், முகமே வேண்டாம் என்று எல்லாவற்றையும் வெட்டித் தள்ளுவதும் சரியாகாது என்பதை ஒக்கிப் புயல் இந்தக் கரைக்குக் காட்டியது. 2017 நவம்பர் இறுதியில் வீசிய அந்தப் புயலில் காணாமல் போனவர்கள் யார், எந்தப் படகில் போனார்கள் என்பதைத் திரட்டுவதே ஊர்களுக்கும் தேவாலயப் பங்குகளுக்கும் பெரும்பாடாக இருந்தது. அயல் மாநிலத் தொழிலாளர்களைப் பொறுத்தவரை இன்னும் கடினம். ஆகவே கிளம்பும் நாளில், எல்லோரும் நிற்கும் ஒரே ஒரு குழுப் படம் எடுக்கச் சொல்லி, அதை எங்களிடம் வாங்காமல், ஊரில் அவர்களே நம்பும் ஒருவரிடம், பெரும்பாலும் பங்குத் தந்தை அலுவலகத்திலோ சங்கத்திலோ, ஒட்டிய உறையில் கொடுத்து வைக்கச் சொன்னோம். படகு பத்திரமாகத் திரும்பினால் உறை பிரிக்காமல் திருப்பித் தரப்படும்.

திட்டம் முடிந்தபோது பலகைப் படங்கள் குறியீட்டோடு ஆய்வுக் காப்பகத்துக்குப் போயின. மூலப் படங்களை ஒவ்வொரு படகுக்கும் தனித்தனி மெமரி கார்டில் டிரைவரிடம் ஒப்படைத்து, எங்கள் இரு நகல்களையும் அவர்கள் கண்முன்னே அழித்தோம். படகுகளின் குறியீடுகளை எழுதியிருந்த குறிப்பேட்டை எரிப்பதா வைப்பதா என்பதில் கருத்து வேறுபாடு இருந்தது. இழப்பீட்டுக்குச் சான்று கேட்டால் வேண்டுமே என்று டிரைவர்களே சொன்னதால், அது மூன்று ஆண்டுகளுக்கு அவர்கள் சங்கத்தின் அலமாரியில் இருக்கட்டும், அதற்குப் பிறகு அவர்களே முடிவு செய்துகொள்ளட்டும் என்று கையெழுத்திட்டுக் கொடுத்துவிட்டோம்.